அந்த ஹைட்ரஜன் எங்கே இருக்கு தம்பி?



இந்த வாரம் ஹாஸ்டல் மெஸ் சாம்பாரைப் பற்றி எழுதலாம்னுதான் உட்கார்ந்தேன். ஆனா கடிதக் கட்டுல ஒரு கடிதம் வந்து மாட்டிக்கிச்சு. ரெண்டு நாளா தூக்கம் இல்லை. ஏன்னு கடைசியில சொல்றேன். முதல்ல கடிதத்தைப் படிங்க.

‘அண்ணா, நான் எம்.எஸ்ஸி. ஃபிசிக்ஸ் கடைசி செமஸ்டர். அடினினையும் ஃபியூமரிக் அமிலத்தையும் சேர்த்துப் படிகம் வளர்த்து, அதோட ஸ்ட்ரக்சரைக் கண்டுபிடிக்கணும். இதுதான் என் ப்ராஜெக்ட். ரெண்டு மாசம் ஆச்சு. பீக்கர்ல வெள்ளைப் பவுடர்தான் வருது. ஒரு பீக்கர்ல பூஞ்சையே வந்துடுச்சு. “இதைப் படிச்சு என்ன வேலை கிடைக்கும்?”னு வீட்டுல கேக்கறாங்க. எனக்கும் பதில் தெரியலை. சீனியர் அக்கா ஒருத்தங்க, “பழைய தீசிஸ் ஒண்ணை எடு, நம்பரை லேசா மாத்தி எழுதிடு, யாரும் பார்க்க மாட்டாங்க”ன்னு சொல்றாங்க. எல்லாரும் அப்படித்தான் பண்றாங்களாம். நான் என்ன பண்ணட்டும்?’

பேர் வேண்டாம்னு எழுதியிருந்தாங்க. தங்கச்சின்னே வெச்சுக்குவோம்.

‘நமக்கென்னப்பா, நாம பி.காம்’னு பக்கத்தைத் திருப்பாதீங்க. ஆடிட் அறிக்கையில நம்பரை லேசா மாத்தறதும் இதே மேட்டர்தான். ஆனா அதுக்கு முன்னாடி இந்த அடினின் யாருன்னு ஒரு சின்ன அறிமுகம். ஆள் ரொம்ப சுவாரஸ்யமான பார்ட்டி!

தாலி கட்டின பந்தமும் பக்கத்து சீட் நட்பும்

நம்ம டி.என்.ஏ.வை எழுதியிருக்கிற நாலு எழுத்துல ஒண்ணுதான் அடினின். மத்த மூணு பேர் தைமின், குவானின், சைட்டோசின். ப்ளஸ் டூ பயாலஜி ஞாபகம் வருதா? அடினினோட ஜோடி தைமின். குவானினோட ஜோடி சைட்டோசின். முதல் ஜோடிக்கு 2 ஹைட்ரஜன் பிணைப்பு, ரெண்டாவது ஜோடிக்கு 3. மனப்பாடம் பண்ணி எழுதினோம், மார்க் வாங்கினோம், மறந்துட்டோம்.

இந்த ஹைட்ரஜன் பிணைப்புன்னா என்ன? ஒரு மூலக்கூறுக்குள்ள அணுக்களைக் கட்டி வெச்சிருக்கிற கோவேலன்ட் பிணைப்பு, தாலி கட்டின பந்தம் மாதிரி. சுலபத்துல பிரியாது. ஹைட்ரஜன் பிணைப்பு, க்ளாஸ்ல பக்கத்து சீட் நட்பு மாதிரி. ஒரு நைட்ரஜன் வீட்டுல குடியிருக்கிற ஹைட்ரஜன், எதிர் வீட்டு ஆக்ஸிஜனோட ஜன்னல் வழியா பேசிக்கிட்டிருக்கும். குடித்தனம் இங்கே, சிநேகம் அங்கே! வலிமையில சாதாரண பிணைப்புல சுமார் இருபதுல ஒரு பங்குதான் தேறும். ஆனா அந்தப் பலவீனம்தான் பலமே. செல் பிரியும்போது டி.என்.ஏ. ஜிப் மாதிரி திறக்கணும், மறுபடி மூடணும். தாலி கட்டின பந்தமா இருந்தா திறக்கவே திறக்காது.

அந்த எதிர் வீடு எவ்வளவு தூரம்? நைட்ரஜனுக்கும் ஆக்ஸிஜனுக்கும் நடுவுல சுமார் 2.7-லிருந்து 3.1 ஆங்ஸ்ட்ராம். ஒரு ஆங்ஸ்ட்ராம்னா, ஒரு சென்டிமீட்டரை பத்துக் கோடி துண்டாக்கினா அதுல ஒரு துண்டு. அவ்வளவு பக்கத்துல நடக்கிற பேச்சை எப்படி ஒட்டுக் கேட்கறது? அதுக்குத்தான் படிகம். கோடிக்கணக்கான மூலக்கூறுகள் என்.சி.சி. பரேடு மாதிரி ஒரே வரிசையில, ஒரே திசையில நிக்கும். அதுமேல எக்ஸ்ரே அடிச்சா புள்ளி புள்ளியா சிதறும். அந்தப் புள்ளிகளோட இடத்தையும் அடர்த்தியையும் வெச்சுக் கணக்குப் போட்டா, எந்த அணு எங்கே இருக்குன்னு தெரியும். இதுக்கு 0.2 மில்லிமீட்டர், 0.3 மில்லிமீட்டர் அளவுல ஒரே ஒரு நல்ல படிகம் போதும். ரவையைவிடச் சின்னது. அந்த ரவைக்காகத்தான் நம்ம தங்கச்சி ரெண்டு மாசமா தவம் கிடக்கறாங்க.

‘இதைக் கண்டுபிடிச்சு என்ன ஆகப்போகுது?’

வீட்டுல கேட்ட இந்தக் கேள்விக்கு ஒரு பொண்ணோட கதையே பதில்.

பேர் ஜூன் புரூம்ஹெட். 1922-ல இங்கிலாந்துல பொறந்தவர். கேம்பிரிட்ஜ்ல இயற்பியல் படிச்சவர். அங்கே கேவண்டிஷ் ஆய்வுக்கூடத்துல அவருக்குக் கிடைச்ச ப்ராஜெக்ட் என்ன தெரியுமா? அடினின் ஹைட்ரோகுளோரைடு. அதாவது அடினினும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் சேர்ந்த உப்பு. நம்ம தங்கச்சி ப்ராஜெக்டுக்குப் பெரியம்மா முறைன்னு வெச்சுக்கலாம்!

கம்ப்யூட்டர் மேஜைக்கு வராத காலம் அது. நீளநீளக் காகிதப் பட்டையில அச்சிட்ட எண்களை அடுக்கி, கூட்டி, மறுபடி அடுக்கி, மறுபடி கூட்டித்தான் படிகவியல்காரங்க கணக்கை முடிக்கணும். நம்ம ஷெல்எக்ஸ் மென்பொருள் நிமிஷத்துல செய்யறதுக்கு மாசக்கணக்கு ஆகும். 1948-ல அவரோட அடினின் கட்டுரை வெளியாச்சு. இன்னொரு விஷயம்... பெண்களுக்கு முழு டிகிரி கொடுக்க கேம்பிரிட்ஜ் இறங்கி வந்ததே அதே 1948-லதான். அதுவரைக்கும் படிக்கலாம், பரீட்சை எழுதலாம், டிகிரி மட்டும் கிடையாது. 1951-ல அவரோட குவானின் உப்பும் வந்துச்சு. அதே வருஷம் அதே ஆய்வுக்கூடத்துல வில்லியம் காக்ரன் என்பவர் அடினின் ஹைட்ரோகுளோரைடை இன்னும் துல்லியமா அளந்து, ஹைட்ரஜன்கள் உட்கார்ந்திருக்கிற இடத்தையே காட்டினார்.

1953. அதே கேவண்டிஷ். வாட்சன், கிரிக்னு ரெண்டு பேர் டி.என்.ஏ. எப்படி இருக்கும்னு மண்டையை உடைச்சுக்கிட்டிருக்காங்க. அடினின் படிகத்துல ரெண்டு அடினின் ஒண்ணையொண்ணு ரெண்டு ஹைட்ரஜன் பிணைப்பால பிடிச்சுக்கிட்டிருக்கிறது வாட்சனுக்குத் தெரியும். ‘அப்போ டி.என்.ஏ.விலயும் அடினினோட அடினின், தைமினோட தைமின்னு அதது அதனோட ஜோடி சேருமோ?’ன்னு ஒரு மாடல் போட்டார். தப்பு! பெரிய எழுத்தோட பெரிய எழுத்து சேர்ந்தா ஏணி அகலமாகும், சின்னதோட சின்னது சேர்ந்தா குறுகும். ஏணி வளைஞ்சு நெளிஞ்சு சந்தி சிரிச்சிடும்.

இன்னொரு தப்பும் இருந்துச்சு. அன்னிக்குப் பாடப்புத்தகங்கள்ல குவானின், தைமினோட ஹைட்ரஜன்களைத் தப்பான இடத்துல போட்டிருந்தாங்க. வாட்சனும் அப்படியே காப்பி அடிச்சிருந்தார். அதே ரூம்ல இருந்த ஜெர்ரி டோனஹ்யூ அமெரிக்காவுலேருந்து வந்த படிகவியல்காரர். ‘புத்தகம் சொல்றது தப்பு, ஹைட்ரஜன் அங்கே இல்லை, இங்கே’ன்னு சொன்னார். சில நாள்ல, 1953 பிப்ரவரி 28 சனிக்கிழமை, வாட்சன் அட்டையில வெட்டின எழுத்துக்களை மேஜையில நகர்த்திப் பார்க்கிறார். ஹைட்ரஜன் சரியான இடத்துக்கு வந்ததும் அடினின்-தைமின், குவானின்-சைட்டோசின்னு ஜோடி தானா பொருந்துது. ரெண்டு ஜோடியும் ஒரே அகலம். ஏணி நேரா நிக்குது! ஏப்ரல் 25-ம் தேதி ‘நேச்சர்’ இதழ்ல கட்டுரை. மிச்சம் உங்களுக்கே தெரியும்.

யோசிச்சுப் பாருங்க. ஒரே ஒரு ஹைட்ரஜன் இடம் மாறி உட்கார்ந்திருந்ததால மொத்த உயிரியலும் ஒரு மேஜைமேல காத்துக்கிட்டிருந்துச்சு.

சரி, நம்ம ஜூன்? அந்த ஏப்ரல் கட்டுரையில டோனஹ்யூவுக்கு நன்றி இருக்கு. புரூம்ஹெட் பேர் இல்லை. அவர் ஆக்ஸ்ஃபோர்டு போய் டோரதி ஹாட்ஜ்கினோட பி12 வைட்டமின்ல வேலை பார்த்தார். அப்புறம் கணவரோட கனடா போனார். அங்கேயும் கோடீன் படிகத்துல வேலை பார்த்தார். குழந்தைகள் பிறந்ததும் ஆராய்ச்சியை விட்டுட்டார். கல்யாணத்துக்கு அப்புறம் ஜூன் லிண்ட்ஸே. 2021-ல, 99 வயசுல இறந்தார். வாட்சன், கிரிக் பேரைச் சொல்ற பாடப்புத்தகம் இவர் பேரைச் சொன்னதா எனக்கு ஞாபகம் இல்லை. ஆனா அவர் அளந்து வெச்ச எண்கள் உண்மையா இருந்துச்சு. அதனாலதான் அடுத்தவங்க அதுமேல ஏறி நிக்க முடிஞ்சுது. இந்த வரியைக் கொஞ்சம் ஞாபகம் வெச்சுக்குங்க, பின்னாடி தேவைப்படும்.

புத்தகத்துல இருந்தாலும் பார்த்துக்கணும்

கதை அங்கேயே முடியலை. கார்ஸ்ட் ஹூக்ஸ்டீன்னு ஒருத்தர் அடினினையும் தைமினையும் லேசா மாத்தி, ரெண்டையும் சேர்த்து நிஜமாவே படிகம் வளர்த்துப் பார்த்தார். 1959-ல ரிசல்ட் சொன்னார். ஜோடி சேர்ந்திருக்கு... ஆனா வாட்சன்-கிரிக் சொன்ன மாதிரி இல்லை! தைமின், அடினினோட இன்னொரு பக்கத்துல போய்க் கை கோத்திருக்கு. அடினினுக்கு வாசல் ரெண்டு. 1-ம் எண் நைட்ரஜன் பக்கம் ஒண்ணு, 7-ம் எண் நைட்ரஜன் பக்கம் ஒண்ணு. வாட்சன்-கிரிக் முன்வாசல்ல நிக்க, ஹூக்ஸ்டீன் ஜோடி கொல்லைப்புறமா நுழைஞ்சிருக்கு.

முன்வாசல் ஜோடியை, அடினினும் யூராசிலும் சேர்ந்த ஒரு குட்டி இரட்டைச் சுருள்ல அணு அணுவா பார்த்தது 1973-லதான். அமெரிக்காவுல அலெக்சாண்டர் ரிச் குழு. அப்புறம் நம்ம பெங்களூரு! இந்திய அறிவியல் கழகத்துல எம்.ஏ.விஸ்வமித்ரா, கேம்பிரிட்ஜின் ஓல்கா கென்னார்டு குழுவோட சேர்ந்து, அடினினும் தைமினும் மாறி மாறி வர்ற நாலு எழுத்து டி.என்.ஏ. துண்டைப் படிகமாக்கினார். 1978-ல ‘நேச்சர்’ல வந்துச்சு. ஆக, 1953-ல சொன்னதை அணு அளவுல கண்ணால பார்க்க இருபது வருஷத்துக்கு மேல ஆகியிருக்கு. அதுக்காக யாரும் ‘எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே’ன்னு நம்பரை எழுதி வெச்சுடலை.

இதெல்லாம் பழைய கதைன்னு நினைச்சா, மருந்துக் கடைக்கு வாங்க. எச்.ஐ.வி.க்குக் கொடுக்கிற டெனோஃபோவிர் மாத்திரை இருக்கே, அதுக்குள்ள இருக்கிறது அடினின்தான். நிஜ நியூக்ளியோடைடு மாதிரியே வேஷம் கட்டின போலி. வைரஸோட நொதி, ‘ஆஹா, எழுத்து வந்துடுச்சு’ன்னு எடுத்துத் தன்னோட டி.என்.ஏ. சங்கிலியில கோக்கும். அதே முன்வாசல், அதே ரெண்டு ஹைட்ரஜன் பிணைப்பு, சந்தேகமே வராது. ஆனா அடுத்த எழுத்தைக் கோக்க வேண்டிய கொக்கி இந்தப் போலிக்குக் கிடையாது. சங்கிலி அங்கேயே கட்! மாத்திரை அட்டையைத் திருப்பிப் படிச்சா ‘டெனோஃபோவிர் டைசோப்ராக்சில் ஃபியூமரேட்’னு இருக்கும். கடைசி வார்த்தையைப் பாருங்க. ஃபியூமரிக் அமிலம்! மருந்தைத் தனியா வைக்காம, ஒரு அமிலத்தோட சேர்த்து நல்ல படிகமாக்கினா கையாளவும் மாத்திரையாக்கவும் வசதி. எந்த அமிலத்தோட சேர்ந்தா என்ன மாதிரி அடுக்கும், கரையுமா, கெட்டுப்போகாம இருக்குமா... மருந்து கம்பெனிகள்ல இதுக்குன்னே ஆள் வெச்சிருக்காங்க. தங்கச்சி, ‘என்ன வேலை கிடைக்கும்?’னு கேட்டாங்கல்ல, வீட்டுல அந்த அட்டையைக் காட்டு.

உப்பா, வெறும் கூட்டாளியா?

இப்ப மெயின் மேட்டர். கொஞ்சம் டெக்னிக்கல், பொறுத்துக்குங்க.

அடினினையும் ஒரு அமிலத்தையும் சேர்த்தா ரெண்டு விஷயம் நடக்கலாம். ஒண்ணு, அமிலம் தன்னோட ஹைட்ரஜனை முழுசா அடினினுக்குத் தாரை வார்த்துடும். அது வழக்கமா அடினினோட 1-ம் எண் நைட்ரஜன்ல போய் உட்காரும். அப்ப அது உப்பு. இன்னொண்ணு, அமிலம் ஹைட்ரஜனைக் கையிலயே வெச்சுக்கிட்டு, ஹைட்ரஜன் பிணைப்பு மட்டும் போட்டுக்கும். அப்ப அது கூட்டுப் படிகம். பொண்ணு வீடு மாறிப் போயிட்டாளா, இல்லே ஜன்னல்ல பேசிக்கிட்டிருக்காளா... வித்தியாசம் அவ்வளவுதான்.

முன்கூட்டியே சொல்ல ஒரு கணக்கு இருக்கு. ரெண்டு பேரோட பி.கே.ஏ. மதிப்பைக் கழிச்சுப் பார்ப்பாங்க. வித்தியாசம் 3-க்கு மேல போனா அநேகமா உப்பு. பூஜ்யத்துக்குக் கீழே போனா அநேகமா கூட்டுப் படிகம். நைட்ரிக் அமிலம் மாதிரி முரட்டு ஆள்னா சந்தேகமே வேண்டாம், உப்புதான். ஃபியூமரிக் அமிலத்துக்கு சுமார் 3, அடினினுக்கு சுமார் 4.2. வித்தியாசம் ஒண்ணு சொச்சம். நட்ட நடு சென்டர்! கணக்கை மட்டும் வெச்சு யாராலயும் அடிச்சுச் சொல்ல முடியாது. பார்த்தாத்தான் தெரியும். தங்கச்சி, உன் கைடு சும்மா ஒரு டாபிக்கைத் தூக்கிப் போடலைம்மா. நிஜமான கேள்வியைத்தான் கொடுத்திருக்கார்.

பார்க்கிறதுலயும் ஒரு சிக்கல். எக்ஸ்ரேயைச் சிதறடிக்கிறது எலெக்ட்ரான்கள். ஹைட்ரஜன்கிட்ட இருக்கிறதே ஒண்ணே ஒண்ணு. அதனால பக்கத்துல இருக்கிற நைட்ரஜன், ஆக்ஸிஜன் வெளிச்சத்துல அது மங்கலாத்தான் தெரியும். அப்ப அது எங்கே இருக்குன்னு எப்படி உறுதி பண்றது? அக்கம்பக்கத்துல விசாரிக்கணும்!

அமிலத்தோட ரெண்டு கார்பன்-ஆக்ஸிஜன் நீளத்தையும் அளந்து பாருங்க. ரெண்டும் 1.25 ஆங்ஸ்ட்ராம் பக்கத்துல சமமா இருந்தா, ஹைட்ரஜன் வீட்டை விட்டுப் போயாச்சு. ஒண்ணு 1.21, இன்னொண்ணு 1.31-னு இருந்தா, இன்னும் அங்கேயேதான் இருக்கு. அடுத்தது அடினின் பக்கம். 1-ம் எண் நைட்ரஜனைச் சுத்தி இருக்கிற கோணத்தைப் பாருங்க. ஹைட்ரஜன் இல்லைன்னா சுமார் 119 டிகிரி. ஹைட்ரஜன் வந்து உட்கார்ந்தா சுமார் 123. விருந்தாளி வந்தா சோபாவுல நகர்ந்து இடம் விடுவோம்ல, அது மாதிரி வளையமே லேசா விரியும். வெறும் 4 டிகிரி. ஆனா அந்த 4 டிகிரி பொய் சொல்லாது.

இதை நான் இவ்வளவு உறுதியா சொல்றதுக்குக் காரணம் இருக்கு. இனிமேதான் என் தூக்கம் போன கதை.

என் அட்டவணை

இருபது வருஷத்துக்கு முன்னாடி நானும் எம்.எஸ்ஸி. ஃபிசிக்ஸ்தான். என் ப்ராஜெக்ட் அடினினும் நைட்ரிக் அமிலமும். எனக்கும் பவுடர்தான் வந்துச்சு. மூணாவது மாசம் ஒரே ஒரு படிகம் கண்ணுல பட்டுச்சு. வெளியூர் ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டு போனோம். அலகு செல் அளவு மட்டும் எடுத்தாங்க. மிச்ச டேட்டா எடுக்கறதுக்குள்ள படிகம் மங்கிப்போச்சு. ஊர் திரும்பும்போது பஸ்ல நான் யார்கூடவும் பேசலை. சப்மிட் பண்ண 12 நாள்தான் பாக்கி.

சீனியர் ஒருத்தரோட பழைய தீசிஸ் லேப் அலமாரியில இருந்துச்சு. அவரும் அடினின்தான், வேற ஒரு அமிலம். அவரோட அடினின் நீளம், கோண அட்டவணையை எடுத்தேன். கடைசி இலக்கத்தை மட்டும் அங்கங்கே மாத்தினேன். என் தீசிஸ்ல ஒட்டினேன். படத்தை நானே அழகா வரைஞ்சேன். தலைப்பு: அடினின் நைட்ரேட் உப்பு.

வைவாவுக்கு வந்த எக்ஸ்டர்னல் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். ‘அந்த ஹைட்ரஜன் எங்கே இருக்கு தம்பி? எப்படித் தெரியும்?’

‘சாஃப்ட்வேர் காட்டுச்சு சார்.’

சிரிச்சார். மார்க் போட்டார். நல்ல மார்க். கேன்டீன்ல எல்லாருக்கும் சமோசா வாங்கிக் கொடுத்தேன். அந்த சமோசா எனக்கு இறங்கலை.

தங்கச்சியோட கடிதம் வந்த அன்னிக்கு ராத்திரி, என் கைடு சாருக்கு போன் பண்ணினேன். ரிட்டயர் ஆகி வீட்டுல இருக்கார். நலம் விசாரிச்சேன், மழை விசாரிச்சேன், சுத்தி வளைச்சுக் கடைசியில சொல்லிட்டேன்.

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் சொன்னார்: ‘எனக்கு அன்னிக்கே தெரியும்ப்பா. உப்புன்னு தலைப்பு போட்டிருக்கே. ஆனா உன் அட்டவணையில 1-ம் நைட்ரஜன் கோணம் 119. உன் சீனியரோடது கூட்டுப் படிகம். ஹைட்ரஜன் ஏறாத அடினினை எடுத்து ஹைட்ரஜன் ஏறினதா எழுதியிருந்தே.’

எனக்கு வேர்த்துப்போச்சு. அவர் நிறுத்தலை. ‘அதுகூட பரவாயில்லை. ரெண்டு வருஷம் கழிச்சு ஒரு பையன் வந்தான். உன் தீசிஸை ஒப்பீட்டுக்கு எடுத்துக்கிட்டான். அவன் வளர்த்த நைட்ரேட்டுல 123 வந்துச்சு. தன்னோடதுதான் தப்புன்னு நினைச்சு, மறுபடி மறுபடி வளர்த்து, ஒரு செமஸ்டரே போச்சு. நல்ல பையன். அப்பவாவது உன்னைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கணும். அன்னிக்கு வைவாவுலயே கேட்டிருக்கணும். ரெண்டு தடவையும் கேக்கலை. அது என் அரியர்.’

போனை வெச்சதுக்கு அப்புறம்தான் தூக்கம் போச்சு. அந்தப் பையன் பேரைக்கூட நான் கேக்கலை.

‘யாரும் பார்க்க மாட்டாங்க’ன்னு சொல்றது எவ்வளவு பெரிய பொய்னு இப்பப் புரியுதா? நான் யாரை ஏமாத்தினேன்னு நினைச்சேனோ அவருக்கு அன்னிக்கே தெரியும். நான் யாரை நினைச்சே பார்க்கலையோ அவன்தான் ஏமாந்தான். ஜூனோட எண்கள்மேல ஏறி ரெண்டு பேர் இரட்டைச் சுருளைப் பார்த்தாங்க. என் எண்கள்மேல ஏறின ஒருத்தன் வழுக்கி விழுந்தான்.

இது என்னோட மட்டும் நிக்கிற கதை இல்லை. 2009-ம் வருஷக் கடைசியில, படிக அமைப்புகளை வெளியிடற ஒரு சர்வதேச இதழ், குறைந்தது 70 கட்டுரைகள் போலின்னு அறிவிச்சுது. ஒரு நிஜப் படிகத்தோட டேட்டாவை எடுத்து, ஒரு உலோகத்துக்குப் பதிலா இன்னொரு உலோகம், ஒரு சின்னத் தொகுதிக்குப் பதிலா இன்னொண்ணுன்னு மாத்தி மாத்திப் புதுசு மாதிரி அனுப்பியிருந்தாங்க. எப்படி மாட்டினாங்க? பக்கத்துப் பக்கத்து அணுக்களோட அதிர்வு அளவு ஒத்துப்போகலை. மனுஷனைச் சரிக்கட்டலாம், அணுவைச் சரிக்கட்ட முடியலை.

சரி தங்கச்சி, இனி என்ன பண்ணலாம்?

பூஞ்சை பிடிச்ச பீக்கரை இன்னிக்கே கழுவி வை. அடினின் குளிர்ந்த தண்ணீர்ல ரொம்பக் கொஞ்சம்தான் கரையும், ஒரு கிராமுக்கு ரெண்டு லிட்டர் கேக்கும். கொதிநீர்ல நல்லா கரையும். ஃபியூமரிக் அமிலமும் அப்படியே, சூட்டுல கரையும், ஆறினா வெளியே வந்துடும். நீ சூடா கரைச்சு அப்படியே மேஜையில வெச்சா, ரெண்டும் அவசர அவசரமா பவுடரா இறங்கும். அதுதான் உனக்கு நடக்குதுன்னு நினைக்கிறேன்.

அதனால அளவைக் குறை, தண்ணீரைக் கூட்டு. ரெண்டையும் சமமான மோல் கணக்குல எடு. தண்ணீர்த் தொட்டிச் சூட்டுல அரை மணி நேரம் வெச்சு, சூடா இருக்கும்போதே வடிகட்டு. ஒரு தூசி இருந்தாலும் அதைச் சுத்தி நூறு குட்டிப் படிகம் கிளம்பிடும். பீக்கரைத் தெர்மோகோல் பெட்டிக்குள்ள வெச்சு மெள்ள ஆற விடு. அப்புறம் வாயைக் காகிதத்தால மூடி, நாலே நாலு ஊசித் துளை போட்டு, ஃபேன் காத்து படாத, யாரும் கதவைச் சாத்தாத மூலையில வை. கொஞ்சம் எத்தனால் கலந்து ஒரு பீக்கர், கலக்காம ஒரு பீக்கர், வேற விகிதத்துல ஒண்ணுன்னு ஒரே நேரத்துல ஆறேழு வை. தினம் தூக்கிப் பார்க்காதே. ஆட்டினா காரியம் கெட்டது!

படிகம் மாதிரி ஏதாவது வந்தா உடனே குதிக்காதே. அது அடினின் மட்டும் தனியா வந்ததா இருக்கலாம். உருகுநிலை பாரு, ஐ.ஆர். எடு. ரெண்டு மூலப்பொருளோடயும் ஒப்பிடு. வித்தியாசமா இருந்தா மைக்ராஸ்கோப்ல ஓரம் கூர்மையா, உள்ளே விரிசல் இல்லாம இருக்கிற ஒண்ணைப் பொறுக்கு.

இதெல்லாம் பண்ணியும் வரலைன்னா? வரலைன்னு எழுது. எந்தத் தேதியில, எந்த விகிதத்துல, எந்தச் சூட்டுல, என்ன வந்துச்சு... எல்லாத்தையும் ஒரு அட்டவணையா போடு. பூஞ்சை வந்ததையும் எழுது. கைடுகிட்ட இன்னிக்கே போய் நிலைமையைச் சொல்லு. மார்க் கொஞ்சம் குறையலாம். குறையாதுன்னு பொய் சொல்ல மாட்டேன். ஆனா அடுத்த வருஷம் ஒரு பையனோ பொண்ணோ அலமாரியிலேருந்து உன் தீசிஸை எடுக்கும்போது, அந்த அட்டவணை அவங்களுக்கு ரெண்டு மாசத்தை மிச்சப்படுத்தும். என் அட்டவணை ஒருத்தனோட ஆறு மாசத்தைத் தின்னுச்சு.

நான் என் கணக்கை எப்படித் தீர்க்கறதுன்னு யோசிச்சேன். சார்கிட்ட அனுமதி கேட்டிருக்கேன். அடுத்த வாரம் லேபுக்குப் போய், அலமாரியில என் தீசிஸ் இன்னும் இருந்தா, அந்தப் பக்கத்துல ‘இந்த அட்டவணை தவறு, நம்ப வேண்டாம்’னு எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டு வரப்போறேன். சிரிப்பாங்க. சிரிக்கட்டும்.

உங்கள்ல யாராவது இப்படி ஒரு அட்டவணை முன்னாடி உட்கார்ந்திருந்தா, பேனாவைக் கொஞ்சம் கீழே வைங்க. அவ்வளவுதான் என் வேண்டுகோள்.

தங்கச்சி, உனக்கு இன்னும் ஒண்ணு. படிகம் வந்து, டேட்டா எடுத்ததும் எனக்கு ஒரு கார்டு போடு. பெருசா எதுவும் எழுத வேண்டாம். 1-ம் நைட்ரஜன் கோணம் 119-ஆ, 123-ஆ... அதை மட்டும் எழுது. எதுவா இருந்தாலும் இந்தப் பக்கத்துல போடறேன்.

மெஸ் சாம்பார் மேட்டரை அடுத்த வாரம் பார்த்துக்கலாம். அது எங்கேயும் போகாது, அதே தண்ணியாத்தான் இருக்கும்!